ஓரத்தால் சைக்கிள் ஓடியவர்

அவருடைய சைக்கிளில் மணி இல்லை. பின்சில்லில் சிவப்பு வெளிச்சமும் இல்லை. கைபிடியில் மினுங்கக்கூடிய இடமெல்லாம் கறுப்பு நாடா சுற்றியிருந்தார். கவுன்சில் குப்பை எடுக்கும் வாரத்தில் சனங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடும் பழைய சாமான்களுக்குள் கிடந்த சைக்கிள் அது. கிடந்தபோது நல்ல மஞ்சள் நிறம். அதைச் சுரண்டி, மண்ணிறத் தீந்தை பூசித்தான் ஓடினார்.

"நல்ல நிறமெல்லோ அண்ணை, ஏன் கெடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"தூரத்தில தெரியும்," என்றார்.

அவ்வளவுதான். நானும் கதை குறைந்தவன் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவரை நான் முதலில் கண்டது இரண்டாயிரத்துப் பத்தில், மெரிலேண்ட்ஸுக்குக் கிட்ட ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில். நான் பாணைப் பையில் போடும் பகுதி, அவர் தட்டுக் கழுவும் பகுதி. நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து இந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டவன். அவர் படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் நெடுங்காலம் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். அகதிக் கேஸ் முடியவில்லை. பொலிஸ் பதிவில் ஒருதரம் பெயர் ஏறினால் கேஸ் கவிழ்ந்துவிடும், பிறகு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று முகாமில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிழை செய்யாதவருக்கு அப்படி நடக்காது என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். அவர் வழக்கறிஞருக்குத் தலையாட்டினார். முகாமில் சொன்னவரை நம்பினார்.

தொழிற்சாலையில் அவர் சுவரோடு ஒட்டித்தான் நடப்பார். சாப்பாட்டு நேரத்தில் அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் இருந்து சாப்பிடுவார். வீதியைக் கடக்கும் இடத்தில், ஒரு வாகனமும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில்கூட, விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை அசையமாட்டார். "வாங்கோ அண்ணை, ஒருத்தரும் இல்லை" என்று நான் பாதி கடந்துவிட்டுக் கூப்பிட்டால், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். என்னைத் தெரியாதவர் போல நிற்பார்.

எங்களைச் சைக்கிளில் ஏற்றியது சரவணன். என் பிளாட்டுக்கு மேல் மாடியில் இருந்த தமிழ்நாட்டுப் பெடியன். பரமட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குச் சீனி வருத்தம், நடக்கச் சொல்லி டொக்டர் சொல்கிறார் என்று படிக்கட்டில் நின்று நான் யாருக்கோ சொன்னதைக் கேட்டுவிட்டான்.

"நடந்து என்னண்ணே பண்ணப் போறீங்க, சைக்கிள் எடுங்க. டவுன் ரோடு வேணாம், கார்க்காரன் கத்துவான். ட்ரெயின்ல சைக்கிளை ஏத்திட்டு மலைப்பக்கம் போயிருவோம். மண் ரோடு. ஒரு பய இருக்க மாட்டான்."

'ஒரு பய இருக்க மாட்டான்' என்ற சொல்லை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காலை மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனில், மேடையின் கடைசித் தூணுக்குப் பின்னால், மண்ணிறச் சைக்கிளோடு நின்றார்.

இரண்டு இடத்தில் ரயில் மாறித் தெற்கே மலைநாட்டில் இறங்குவோம். முதலில் பால்மாட்டுப் பண்ணைகள். அங்கே கிறவல் ரோட்டு நல்ல சிவப்பு. சின்னக் கல், நன்றாக அமர்ந்திருக்கும், சில்லு மெதுவாகக் கரகரத்துக்கொண்டு போகும். பண்ணைகள் முடிந்து மேலே ஏறினால் மண் வெள்ளையாகிவிடும். கல் பெரிதாகி, ரோட்டு அலை அலையாக மடிந்து, பல் ஆடும். அதற்கும் மேலே, மலையின் உச்சியில், பெரிய பற்றைவெளி. இடுப்பளவு பற்றை, ஈரப்புல், கருகிய கொம்பு போல நிற்கும் குட்டை மரங்கள். கண்ணுக்கெட்டியவரை மறைவில்லை. அதன் நடுவால் ரோட்டு நேராக ஒரு வெள்ளைக் கோடாகப் போகும்.

சரவணன் அந்த வெளியைக் கண்டதும் கூவுவான். அவர் பிரேக் பிடித்து இறங்கிவிடுவார். காது கொடுத்து நிற்பார். வானத்தைப் பார்ப்பார். பிறகு வெளியைச் சுற்றி நிற்கிற யூக்கலிப்டஸ் மரவரிசையைக் காட்டுவார்.

"ஓரத்தால வாங்கோ."

மரத்தோரமாகப் போவதற்குப் பாதை என்று ஒன்றும் இல்லை. கங்காரு நடந்த தடம்தான். பாதித் தூரம் சைக்கிளை உருட்ட வேண்டும், சேறு, அட்டை வேறு. நேரே போனால் கொஞ்ச நேரத்தில் கடக்கிற வெளியை நாங்கள் அரைக் காலைப்பொழுது சுற்றுவோம்.

"என்ன பெரியண்ணே, பாம்புக்குப் பயந்து ஓரமாப் போறீங்களா? பாம்பே ஓரத்துலதாண்ணே இருக்கும்!" என்பான் சரவணன்.

"பாம்பு பரவாயில்லை," என்பார் அவர்.

அவன் என்னை 'அண்ணே' என்றும் அவரைப் 'பெரியண்ணே' என்றும் கூப்பிடுவான். அவர் என்னிலும் நாலைந்து வயது மூத்தவர். என்னை 'ஐசே' என்பார்.

ஒருநாள் பண்ணை ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். பின்னால் ஒரு பிக்கப் வாகனம் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நாங்கள் ஒதுங்கித் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. சைக்கிளோடு முள்பற்றைக்குள் பாய்ந்துவிட்டார். பண்ணைக்காரக் கிழவர் வாகனத்தை நிறுத்தி, சரவணனிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, பற்றையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். புழுதி அடங்கிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். கன்னத்தில் இரத்தக் கீறல்.

"என்னவாம்?"

"முக்குல அவரோட காளை அவுத்துக்கிட்டு நிக்குதாம், மெதுவாப் போகச் சொன்னாரு. அப்புறம் முள்ளுக்குள்ள இருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அடி ஒண்ணும் படலையேன்னு கேட்டாரு."

"என்ர பேர் கேட்டவரோ?"

"உங்க பேர் கேக்கல பெரியண்ணே. மாட்டோட பேரத்தான் சொன்னாரு."

சரவணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டு, வாகனம் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு நாள் சரவணன் கைபேசியில் எங்களைப் படம் எடுத்தான். அவருக்குத் தெரியாமல்தான் எடுத்தான். "சூப்பரா வந்திருக்கு, பாருங்க" என்று அவனே காட்டவும் செய்தான். அவர் முகம் வெளிறியது.

"அழியும் தம்பி."

"இல்ல பெரியண்ணே, சும்மா எங்கம்மாவுக்கு அனுப்ப..."

"அழியும் எண்டெல்லோ சொல்லுறன்."

சத்தம் போடவில்லை. ஆனால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவன் அழித்தான். அவர் கைபேசியை வாங்கி, தானே ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகு கொடுத்தார். பிறகு தன் பையிலிருந்த தோடம்பழத்தை உரித்து, பெரிய பாதியை அவனுக்கு நீட்டினார். அப்படித்தான் அவர். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டார்; பழம் உரித்துக் கொடுப்பார்.

அடுத்த வருடம் குளிர் தொடங்கும் காலத்தில் நடந்ததுதான் இனிச் சொல்லப்போவது.

சரவணன் புதுச் சைக்கிளும் புது மழைச்சட்டையும் வாங்கியிருந்தான். சட்டை கண்ணைக் குத்தும் மஞ்சள். மத்தியானம் தாண்டி மலையுச்சி வெளிக்கு வந்தபோது கடல் பக்கமாகப் பனிப்புகார் எழும்பத் தொடங்கியிருந்தது.

"இன்னைக்கு நேராப் போயிருவோம் பெரியண்ணே. புகை மாதிரி வருது பாருங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். "ஓரத்தால வாங்கோ."

சரவணன் பெருமூச்சு விட்டான். ஆனாலும் அவருடைய சொல்லைத் தட்டாமல் மரத்தோரத்துக்கு இறங்கினான். அவர் முன்னால், சரவணன் நடுவில், நான் பின்னால். பன்னச்செடிகள் மூடியிருந்த இடத்தில் மழைவெள்ளம் அரித்த பள்ளம் ஒன்று இருந்தது. அவர் எப்படியோ தாண்டிவிட்டார். சரவணனின் முன்சில்லு அதற்குள் இறங்கியது. அவன் தலைக்கு மேலாகச் சைக்கிள் வந்ததை நான் கண்டேன்.

முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அவர் ஓடிவந்து குனிந்தார். காற்றடிக்கும் பம்பைக் கழற்றிக் காலோடு வைத்து, எங்கள் மாற்று டியூப்களால் சுற்றிக் கட்டினார். சரவணன் கைபேசியை எடுத்ததும் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆருக்கு எடுக்கிறீர்?"

"ட்ரிபிள் ஸீரோ. ஆம்புலன்ஸ்தான், வேற யாருக்கு?"

"பொறும் தம்பி. பொலிஸும் வரும். நாங்கள் ரெண்டு பேரும் தூக்கிக்கொண்டு பண்ணை ரோட்டுக்குப் போவம்."

"எப்படிண்ணே தூக்குவீங்க? தொட்டாலே உசிர் போகுது!"

அவர் கையை எடுத்தார். சரவணன் பேசினான். மலையின் பெயரையும் வெளியின் பெயரையும் சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. பிறகு அரை மணி நேரம் முயன்றும் கிடைக்கவில்லை.

அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார்: "ஐசே, அவங்கள் வர முன்னம் நான் காட்டுக்குள்ளால இறங்கிப் போறன். நீர் தம்பியோட நில்லும். ரெண்டு பேர்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லும்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? அவருடைய கேஸ் எனக்குத் தெரியும். அவர் அனுப்பப்பட்டால் எந்த ஆமியின் கையில் போய் இறங்குவார் என்பதும் தெரியும்.

அவர் போவதற்குள் சத்தம் வந்தது.

முதலில் நெஞ்சுக்குள்தான் கேட்டது. பிறகு காதில். ஹெலி. மலை விளிம்பைத் தாண்டித் தாழ்வாக வந்தது.

அதன்பின் நடந்ததை யோசித்துச் செய்யவில்லை. "படும்!" என்று அவர் கத்தினார். கத்தும்போதே சரவணனின் இரு தோளையும் பிடித்து மரத்தடிக்கு இழுத்தார். நான் அவனுடைய இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவன் அலறினான். நான் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பற்றைக்குள் தள்ளினேன். அவர் பன்னச்செடிகளை முறித்து முறித்து அந்த மஞ்சள் சட்டைக்கு மேல் போட்டார். பிறகு இருவரும் குப்புறப் படுத்தோம். முழங்கையில் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு. ஊரில் குண்டு விழும்போது எப்படிப் படுக்க வேண்டுமோ அப்படி. யாரும் எனக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை. இருபது வருடமாக நான் அப்படிப் படுத்ததில்லை.

"யோவ்! நமக்காகத்தான்யா வந்திருக்கு! கை காட்டுங்கய்யா! கை காட்டுங்க!"

சரவணன் தழைக்குள்ளிருந்து கத்துவது கேட்டது. கேட்டும் என் கை காதை விட்டு எழவில்லை. மரங்களின் தலை ஆடியது. சத்தம் எங்களுக்கு மேலால் போய், வெளியின் மறுபக்கம் போய், மங்கி, இல்லாமல் போனது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையில் இன்னும் ஒரு பிடி தழை இருந்தது. அதைப் பார்த்தார். சரவணனைப் பார்த்தார்.

"நான் என்ன செய்தனான், ஐசே?"

என் முழங்கை இரண்டிலும் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது.

சரவணன் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்: "இலையெல்லாம் போட்டு மூடுறீங்களே பெரியண்ணே, நான் இன்னும் சாகலைண்ணே."

இழுத்ததில் கட்டு அவிழ்ந்து கால் மறுபடி மடிந்திருந்தது. நான் இரு கையாலும் அதை நேராகப் பிடித்துக்கொண்டேன். பிடியை விட்டால் அவன் துடித்தான். புகார் வெளியின் தூர விளிம்பை மூடிவிட்டது. அவன் கொஞ்ச நேரம் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தான். பிறகு தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். பிறகு பல் அடிக்கத் தொடங்கியது. பிறகு பல் அடிப்பதும் நின்றது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"தம்பி, கதையும். நித்திரை கொள்ளாதையும்," என்று அவர் அவனுடைய கன்னத்தில் தட்டினார்.

"குளிருது பெரியண்ணே," என்றான், கண்ணைத் திறக்காமல்.

அவர் தன் சட்டையைக் கழற்றி அவனுடைய மார்பில் போட்டார். எழுந்து போய்ப் பற்றைக்குள் கிடந்த தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும், போகக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன். காட்டுப் பக்கம் திருப்பிய சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றார். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

சத்தம் மறுபடி வந்தது.

என் தலை தானாகக் குனிந்தது. ஆனால் கை அவனுடைய காலைப் பிடித்திருந்தது, விட முடியாது. அவரும் முழங்கால் மடங்கிக் குந்தினார். குந்திய இடத்திலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை அப்படியே விழ விட்டுவிட்டு வந்து, சரவணனின் உடம்பிலிருந்து மழைச்சட்டையை ஒவ்வொரு கையாகக் கழற்றினார். தன் சட்டையை அவனுக்குச் சரியாகச் சுற்றிவிட்டார்.

"இறுக்கிப் பிடியும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளிக்குள் இறங்கினார்.

ஓடவில்லை. நடந்தார். பனியனோடு, இடுப்பளவு பற்றைக்குள், குனியாமல். வெள்ளை ரோட்டின் நடுவுக்குப் போய் நின்றார். ஹெலி புகாருக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அவர் கை தொங்கிக்கொண்டே இருந்தது. எழும்பவில்லை. 'கையைத் தூக்குங்கோ அண்ணை, தூக்குங்கோ' என்று என் வாய் முணுமுணுத்தது. ஹெலி பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியபோதுதான் அந்த மஞ்சள் சட்டை மேலே போனது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். காற்று அவரைத் தள்ளியது. அவருக்கு நேர் மேலே அது வந்து நின்றபோது அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. கண் இறுக மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. ஆட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

கயிற்றில் இறங்கி வந்தவன் கேள்வி கேட்டான். என் இங்கிலீஷ் பாண் பைக்கு மட்டும்தான் போதும். சரவணனால் பேச முடியவில்லை. வில்லாவுட்டில் படித்த இங்கிலீஷில் அவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எப்போது விழுந்தான், எவ்வளவு நேரம், முதல்தரம் வந்தபோது ஏன் காணவில்லை. அதற்கும் பதில் சொன்னார். இறங்கி வந்தவன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு அவருடைய தோளில் ஒருதரம் கை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

சரவணனை மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை ரோட்டிலேயே நிற்கச் சொன்னார்கள், பொலிஸ் வாகனம் வரும் என்று. புகார் எங்களையும் மூடிவிட்டது. நாலு அடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. அவர் போக விரும்பியிருந்தால் அப்போது போயிருக்கலாம்.

வந்தது ஒரு இளம் பொலிஸ்காரி. எங்களுக்குப் போர்வை தந்தாள். என் பெயரைக் கேட்டு எழுதினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து நின்று, தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார். வீட்டு விலாசத்தை இலக்கத்தோடு சொன்னார். அத்தனை காலமும் அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அந்த விலாசத்தைத் தேடிப் போனேன். வேலைக்கு அவர் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை வரவில்லை. வீட்டின் பின்னால் தனி அறை. தட்டும்போது, வெறும் அறையாகத்தான் இருக்கும் என்று என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவரே திறந்தார். காய்ச்சல் முகம். கட்டிலுக்குப் பக்கத்தில் உடுப்புப் பை கட்டி வைத்திருந்தது. மேலே சவரச் சாமான், துவாய்.

"ஆரும் வந்தவையோ அண்ணை?"

"இன்னும் இல்லை."

"அப்ப பை?"

"வந்தால் அடுக்க நேரம் தரமாட்டாங்கள்." கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். "தம்பிக்கு எப்படியாம்?"

"கம்பி வைச்சிருக்கினம். நடப்பானாம். உங்களைக் கேட்டவன்."

"பின்னேரம் போய்ப் பாப்பம்."

வெளியே ஒரு வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் கை பையின் பிடிக்குப் போனது. கதவு அடிபட்டது. யாரோ பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அவர் மெதுவாக மூச்சு விட்டார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. மெல்பேர்னில் என் மச்சான் இருக்கிறான், அங்கே போய்க் கொஞ்ச நாள் நில்லுங்கோ, ஒருவருக்கும் தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது குறைவு.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னார்:

"அட்ரஸ் குடுத்திட்டன், ஐசே. இனி இங்கதானே இருக்கோணும்."